சுவரிலிருந்த இரும்பு வளையம்

எனெய்தா முற்றத்துக் கொடியில் ஈரத்துணி விரித்துக்கொண்டிருந்தபோதே சுற்றுலாக் கூட்டம் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. தலைநகர் பொகோட்டாவிலிருந்து வந்தவர்கள். கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும் என்ற எண்ணம்கூட ஒருவருக்கும் எழவில்லை.

அவர்களில் ஒரு பெண்மணி கொடியில் தொங்கிய சட்டையின் கையை நிமிண்டிப் பார்த்துவிட்டு, அந்த விரல்களைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். எனெய்தா நன்றாகக் காய்ந்திருந்த அந்தச் சட்டையை எடுத்து, மறுபடியும் வாளித் தண்ணீரில் முக்கினார்.

"பாத்து நடந்துக்குங்க அக்கா," என்று வழிகாட்டி ரெய்னெல் அவர் காதருகே முணுமுணுத்தான். "இன்னொரு தடவ யார்கிட்டயாவது வாயக் குடுத்தீங்கன்னா இந்த வீட்டுல உங்களுக்கு இடமில்ல. கம்பெனியில கண்டிப்பா சொல்லிட்டாங்க."

எனெய்தா பூப்போட்ட பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கடலோர நகரத்தின் கெத்செமனிப் பேட்டையில் வீடு வீடாக வாங்கிக்கொண்டிருந்த அந்தச் சுற்றுலாக் கம்பெனி, இந்த வீட்டை வாங்கி ஓராண்டு ஆகிறது. முப்பது ஆண்டுகள் குடும்பம் நடத்திய அறையை விட்டு நீங்க அவருக்கு மனம் வரவில்லை.

ரெய்னெல் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பவளக்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின சுவரு. வெக்கை மேலேறிப் போகணும்னுதான் கூரைய அவ்வளவு உசரத்துல வச்சிருக்காங்க. நடுவுல ஒரே முத்தம், சுத்தி எட்டுக் குடும்பம். வாசக்கதவுல தட்டுறதுக்குன்னு ஒரு பித்தளைப் பல்லி பாத்தீங்கல்ல? அது ராஜ வம்சத்து அடையாளம்."

கம்பெனியின் தச்சர் போன மாதம் திருகாணி போட்டு மாட்டிவிட்டுப் போன பல்லி அது. 

கூட்டம் அவருடைய அறைக்குள்ளும் புகுந்தது. கட்டில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள், மூக்கைச் சுளித்தார்கள். தொந்தி பெருத்த ஒருவர் சுவரைக் காட்டி, "இதென்ன தம்பி, இரும்பு வளையம்?" என்று கேட்டார்.

"ராத்திரியில அடிமைங்களச் சங்கிலியில கட்டி வைப்பாங்க சார். அந்தக் காலத்து வளையம்."

அந்த மனிதர் உடனே தம் மணிக்கட்டை வளையத்துக்குள் நுழைத்து, நாக்கை வெளியே தொங்கவிட்டார். அவர் மனைவி படம் எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், ரெய்னெலும் சிரித்தான்.   

"கைய எடுங்க," என்றார் எனெய்தா.

"அக்கா..." என்று ரெய்னெல் எச்சரித்தான்.

"நீ சும்மா இரு. அடிமையும் இல்ல, சங்கிலியும் இல்ல. தொங்குபடுக்கை மாட்டுறதுக்கு என் புருஷன் தன் கையால அடிச்ச வளையம் அது. ரத்த ரத்தமா வாந்தி எடுத்துக்கிட்டு, அதுல கிடந்துதான் அவர் செத்தாரு. இப்ப சிரிங்க, பாப்போம்."

அந்த மனிதர் கையை விடுவித்துக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அனைவரும் வெளியேறினார்கள்.

அவர்களைத் தெருவரை சென்று வழியனுப்பிவிட்டு ரெய்னெல் திரும்பி வந்தான். அவன் கத்தவில்லை. 

"கம்பெனி குடுத்த அந்தப் பூப்போட்ட பாவாடையக் கழட்டி வச்சிட்டு, உங்க துணியப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க அக்கா. நாளையிலருந்து சம்பளத்துக்கு இங்க குடியிருக்க வேற ஆள் வரும்."