குதிகால் சத்தம்

எழுபத்திரண்டு வயதிலும் தினமும் ஓடுகிறேன். குதிகாலைத்தான் முதலில் ஊன்றுவேன். நான் மாடியேறினால் கீழ்வீட்டில் சுண்ணாம்பு உதிரும். அவர்கள் கோலமாவே வாங்கியதில்லை. கண் தெரியாத என் மனைவி தெய்வானை, அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் காப்பிக்குப் பால் வைத்துவிடுவாள்.

மூட்டு தேய்கிறது என்று டாக்டர் ஒரு ஷூவை மாட்டிவிட்டார். அது தானாகவே பாதத்தைத் திருப்பி, முன்பாதத்தில் பஞ்சுபோல இறக்கும். ஊரில் இப்போது எல்லோரும் அந்த ஷூவைப் போட்டு அப்படித்தான் இறங்குகிறார்கள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மூன்று மாதத்தில் வலியோடு அதுவும் போய்விட்டது.

நேற்று ஓடிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

"யாருங்க அது?" என்றாள் பயந்துபோய்.

"நான்தான், தெய்வானை."

"பூனையாட்டம் வந்தா எனக்கெப்படிங்க தெரியும்? பாலே வெக்கல. நாளைக்கு ஒரு கொலுசாவது கட்டிக்கிட்டு வாங்க."

சிரித்தாள். ஆனால் சுவரைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

இன்று ஷூவை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். தெருமுனையிலிருந்து குதிகாலை ஓங்கி ஓங்கி ஊன்றப் பார்த்தேன். பாழாய்ப்போன கால் ஷூவிடம் பாடம் படித்துவிட்டது, பஞ்சுபோலவே இறங்கியது.

வாசலில் போய் நின்றேன். அவள் அடுப்படியில் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெருப்பக்கம் காதைக் கொடுத்து, எனக்காகக் காத்திருந்தாள்.