ஆளுக்கொரு காது

ஒலியைக் கடைசிக் கோடு வரை ஏற்றினாள்.

பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

லேப்டாப்பைக் கட்டிலில் வைத்தாள். சத்தம் மெத்தைக்குள் போய்விட்டது. மேஜையில் வைத்தாள். கொஞ்சம் தேவலை. ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருக்கிறது. இதை முதல் நாளே நோட்டில் எழுதிவிட்டாள்.

இன்று ஆறாம் நாள்.

பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். மாலை வகுப்புக்கென்று அப்பா வாங்கிக் கொடுத்தது. சின்னது. கைப்பையில் அடங்குவது. கடையில் இருந்ததிலேயே மலிவானது.

நோட்டில் அவள் எழுதிய முதல் கேள்வி வேறு: படம் பார்க்க, பாட்டுக் கேட்க லாயக்கா?

தினமும் வகுப்பு முடிந்து வந்ததும், ஏழரைக்கு, அதே மேஜை, அதே பாட்டு. பாட்டை மாற்றினால் ஒப்பிட முடியாது. ஒருநாள் ஒரு படத்தை அரை மணி ஓட்டினாள். கதாநாயகன் அழுதான். 'வசனம் கேட்க மின்விசிறியை நிறுத்த வேண்டும்' என்று எழுதினாள்.

திரைக்குப் பத்துக்கு ஆறு. எடைக்கு ஏழு. ஏழுக்கு மேல் எதற்கும் போட அவளுக்குத் துணிவில்லை. போட்ட ஏழையும் மறுநாள் ஆறரையாக்கினாள்.

ஒலிக்கு மட்டும் இன்னும் மதிப்பெண் இல்லை. நன்றாக இருக்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை. காதில் விழுந்தது. அவ்வளவுதான். சாப்பாடும் இப்போதெல்லாம் அப்படித்தான்.

கைபேசியில் ஒரு செய்தி, அதுவும் ஆறு நாளாகப் பதிலில்லாமல் கிடந்தது.

'ஞாயித்துக்கிழமை எனக்கு வளைகாப்பு. நீயாவது வாடி.'

அக்கா பொற்கொடி. தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்ப் பதினாலு மாதம். போன அன்று அப்பா சொன்னது ஒரே வாக்கியம். "அந்தப் பேரு இந்த வீட்ல வேணாம்."

யாரும் மீறவில்லை. அவளும்தான். பழகிப்போயிற்று.

போவதா வேண்டாமா என்று நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்திருந்தாள். கோட்டுக்கு இரண்டு புறமும் வெறுமையாக இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஒரே பாட்ட வச்சு உயிர எடுக்குற. மாப்பிள்ள பாக்குறதுக்குக்கூட இம்புட்டு நாள் ஆகாதுடி."

சொன்ன வேகத்தில் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாளை ஞாயிறு.

ஒன்றைச் சோதிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஹெட்போன் துளை.

அலமாரியில் பழைய இயர்போன் கிடந்தது. சிக்கெடுத்தாள். இரண்டு முனையையும் காதுகளில் வைத்தாள்.

என்னவோ போலிருந்தது. இரண்டும் தன்னிடமே இருப்பது.

அப்பாவுக்கு விடிகாலை மில் ஷிஃப்ட். எட்டு மணிக்கே படுத்துவிடுவார். அதன்பின் வீட்டில் சத்தம் கூடாது. அக்கா பள்ளியில் வாங்கிய இலவச லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு காது. சுவரோரம் இவள். இவளுக்கு வலது முனை, அக்காவுக்கு இடது. அந்த இடம் மாறியதேயில்லை.

இந்தப் பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வயலின் நின்றுவிடும். நாலு நொடிக்கு ஒன்றுமிருக்காது. சரியாக அங்கேதான் அக்கா இவள் தொடையில் தாளம் தட்டுவாள்.

"எதுக்குக்கா தட்டுற? அங்க ஒண்ணுமே இல்ல."

"தபேலா கேக்குதுடி."

"ஆமா, உனக்கு மட்டும் தனியா வாசிக்கிறாங்க. தாளம் தெரியாத ஜென்மம்."

அக்கா சிரிப்பாள். அடுத்த முறையும் தட்டுவாள். வருஷக்கணக்காக. முனைகளை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வயலின் நின்றது.

இடது காதில் தபேலா வந்தது.

தன்னந்தனியாக, தகர ஸ்பீக்கரில் ஆறு நாளும் எட்டாத அளவு மெல்லிசாக. நாலு நொடி.

பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். ஒரு தடவை போதாது. மூன்று தடவை கேட்டாள். மூன்றிலும் இருந்தது.

ஒன்றும் பொங்கி வரவில்லை. விரல்கள் மட்டும் தொடைக்குப் போயிருந்தன.

கைபேசியை எடுத்தாள். 'தபேலா இருக்குக்கா.' வேறெதுவும் எழுத வரவில்லை. அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது.

'இப்பத்தான் கேட்டுச்சா, கழுதை. பத்தரைக்கு வளையல் போடுவாங்க.'

நோட்டைத் திறந்தாள். ஒலி என்று எழுதிய இடத்தில் பேனாவை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

காலையில் லேப்டாப்பை அதன் பெட்டியில் போட்டுப் பைக்குள் வைத்தாள். நீலப் புடவை கட்டினாள். கடைக்குப் போகிறவள் பட்டுக்கரைப் புடவை கட்டுவாளா என்று யோசித்து, சுடிதாருக்கு மாறினாள்.

அப்பா வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வழியை மறித்துக் கால்களை நீட்டியிருந்தார்.

"லேப்டாப்பத் திருப்பிக் குடுத்துட்டு வர்றேம்ப்பா. ஏழு நாள் இன்னையோட முடியுது. சவுண்டு சரியில்ல."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை அந்தக் கடை லீவும்மா."

ஆறு நாளாக எல்லாவற்றையும் எழுதியவள் இதை எழுதவில்லை.

பை தோளில் கனத்தது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அப்பா பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கால்களை மடக்கிக்கொண்டார்.