நாற்பத்தோராவது குடம்

சாயப்பட்டறை முதலாளி ஊருக்குக் குடிதண்ணீர்த் தொட்டி ஒன்றைத் தானமாகக் கொடுத்தார். யாரும் இறைக்காத ஒரு கிணற்றைக் கல்பலகையால் மூடி, அதன்மேல் தொட்டியை வைத்தார்கள். நீல வண்ணம் பூசி அவர் பெயரையும் எழுதினார்கள். தினமும் காலையில் பட்டறை லாரி வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும்.

தொட்டி சரியாக நாற்பது குடம் தண்ணீர் பிடிக்கும். ஒரு நாள், நாற்பத்தோராவதாக நின்ற மாராத்தாள் வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

“இன்னும் ஒரு குடம் என்னிடம் இருந்திருக்கலாம்” என்று தொட்டி வருந்தியது.

“என்னிடம் வந்தவர்கள் யாரும் வெறுங்குடத்தோடு போனதில்லை” என்றது அடியிலிருந்த கிணறு.

“பெருமை பேசாதே. நீ வற்றியதால்தானே என்னை வைத்தார்கள்?”

“வற்றவில்லையப்பா. இப்போதும் பதினெட்டு அடி தண்ணீர் நிற்கிறது.”

“அப்புறம் ஏன் மூடினார்கள்?”

கிணறு திருப்பிக் கேட்டது: “உனக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள்?”

“நல்ல நீலம். பட்டறையில் அதிகம் ஓடுகிற நிறமாம்.”

“என் தண்ணீரும் அதே நீலம்தான். பட்டறை வந்த மூன்றாம் வருஷத்திலிருந்து.”

மறுநாள் முதல் குடம் பிடித்த பெரியவர் தொட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். “முதலாளி நல்லா இருக்கணும்” என்றார். தொட்டிக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அன்றும் மாராத்தாள் நாற்பத்தோராவதாகத்தான் நின்றிருந்தாள்.