டைல்ஸ் மேஸ்திரியின் கம்ப்யூட்டர்

"ஏண்டி, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

செருப்பைக் கழற்றும்போதே அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

கேட்காமல் என்ன செய்வாள்? கூடத்துத் தரையில் அவள் தம்பி முட்டி போட்டுக் குனிந்திருந்தான். சுற்றிலும் அட்டைப்பெட்டி, ஒயர், எள்ளு மாதிரி ஸ்க்ரூக்கள். நாற்காலியில் அவன் மகள் சம்மணம் போட்டு, ஆப்பிளைக் கடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேம் ஆடற கம்ப்யூட்டர் அத்தை. முழுசா வாங்கினா கட்டுப்படியாகாது. பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே மாட்டறோம். பாதி செகண்ட் ஹேண்ட்."

"நாமளேயா? நீ எங்கேடி மாட்டறே? அவனில்ல மாட்டறான்!"

"எனக்கு இதெல்லாம் தெரியாது அத்தை. நகம் வேற உடைஞ்சிடும்."

அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி டைல்ஸ் மேஸ்திரி. எட்டு மாதம் முன்பு வெளிச்சுவருக்கு டைல்ஸ் ஒட்டும்போது சாரத்திலிருந்து விழுந்து, வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, இனி விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அவன் கேட்டால்தானே?

"இது இனிமே கை இல்லக்கா. சும்மா தொங்குது" என்று சொல்லி, அதை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்தான். சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டும். பிழைப்பே போய்விடுமோ என்று வீடு நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கை இப்போது மகாராணிக்கு ஊழியம் செய்கிறது!

"கடையில குடுத்தா மாட்டித் தர மாட்டானா?"

"நாளைக்கு கேம் போட்டி அத்தை. அவன் ஒரு வாரம் இழுத்தடிப்பான். அப்பாவை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"தம்பி, நீ எழுந்திருடா. நான் அந்தக் கடைக்காரனை..."

"அக்கா, வெளிச்சத்தை மறைக்காதே. தள்ளு."

அத்தை தள்ளி நின்றாள்.

அவன் ஒரு சின்னக் குழாயை எடுத்து, பிராசசர் மேல் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கப் போனான்.

"அப்பா, பெட்டியோட வந்த புத்தகத்துல பட்டாணி அளவுன்னு போட்டிருக்கு."

"பட்டாணி அளவு வச்சா எப்படிடி ஒட்டும்? நாளைக்கே பேந்துக்கும்."

"ஒட்டறதுக்கு இல்லையாம், சூடு இறங்கறதுக்காம். எனக்கென்ன தெரியும்? போட்டிருக்கறதைச் சொன்னேன்."

ஒரு ஸ்க்ரூ விழுந்தது. தேடி எடுத்தான். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்தான். பெண் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருவழியாக எல்லாம் மாட்டியாயிற்று. தம்பி சுவிட்சைப் போட்டான்.

விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் அமாவாசை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டான். அதே இருட்டு.

தம்பி அப்படியே பின்னால் சாய்ந்தான். வலது கை மெதுவாக மடிக்குப் போனது.

"என் கைதான். எதையோ சரியா அழுத்தலை. நான் சொன்னேனில்ல, இது எதுக்கும் லாயக்கில்லை."

"பாத்தியாடி?" அத்தை குரல் உடைந்தது. "எட்டு மாசம் கழிச்சு எழுந்தவனை மறுபடியும் உக்கார வச்சிட்டியே!"

பெண் மெல்லுவதை நிறுத்தினாள். நாற்காலியை விட்டு மட்டும் இறங்கவில்லை.

"ஏம்பா, டைல்ஸை எப்படி அழுத்துவே?"

"நடுவுல தட்டணும். ஓரத்தை அழுத்தினா விரிசல் விட்டுடும். இருபது வருஷமா அப்படித்தான்..."

பேச்சு நின்றது. தம்பி பெட்டிக்குள் குனிந்தான். ராம் என்கிற அந்தப் பச்சைப் பட்டை, அடிஸ்கேல் துண்டு மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதன் இரண்டு முனையிலும் பூட்டு வாய் திறந்தபடியே இருந்தது.

"அடச்சே! இதையும் நடுவுல தட்டியிருக்கேன்!"

இடது கட்டைவிரலை ஒரு ஓரத்தில் வைத்தான். டக்!

வலது கட்டைவிரலை மறு ஓரத்தில் வைத்தான். அது வழுக்கியது. மறுபடி வைத்தான். பெண் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதட்டைக் கடித்து அழுத்தினான். இன்னும் அழுத்தினான்.

டக்!

சுவிட்ச். விசிறி. ஒரு நொடி, இரண்டு நொடி... திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின.

"வந்துடுச்சு! வந்துடுச்சுடி!"

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். இரண்டையும்!

"அக்கா, பாத்தியா? நான் மாட்டினது! இந்தக் கை மாட்டினது! திங்கக்கிழமையே சைட்டுக்குப் போறேன், எவன் தடுக்கறான்னு பாக்கறேன்!"

பெண் டீ போட உள்ளே போனாள். அத்தைக்குக் கண்ணில் நீர் முட்டியது; ஆனாலும் அந்தப் பெண் மேல் இருந்த கோபம் ஆறவில்லை. இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவது என்று எழுந்தாள்.

நாற்காலியில் பெண்ணின் போன் அடித்தது. அத்தையே எடுத்தாள்.

"பாப்பா, கம்ப்யூட்டர் கடையிலேருந்து பேசறேம்மா. ஒரு ஸ்கூலுக்குப் பதினஞ்சு மெஷின் மாட்டணும். அரை மணிக்கு ஒண்ணுன்னு உன்னை மாதிரி மாட்டறதுக்கு இங்க வேற ஆளே இல்ல. நாளன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடறியா?"

"யாருக்கா போன்ல?" என்றான் தம்பி.

சமையலறை வாசலில் பெண் கையில் டம்ளரோடு அசையாமல் நின்றிருந்தாள்.

அத்தை போனை அணைத்தாள். "யாரோ ராங் நம்பர்டா. அதை விடு, அந்த ஓரத்தை எப்படித்தான் கண்டுபிடிச்சே? நம்ம வீட்டுல இதெல்லாம் யாருக்குமே தெரியாதே!"