கரடிக்கு மரியாதை

பதக்கம் வாங்க வந்திருந்த பெரியவருக்கு மாகாணச் சின்னத்தின் பொருளை விளக்கும் வேலை, புதிதாகச் சேர்ந்த விழா அதிகாரியின் தலையில் விடிந்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில், பெரியவரும் அவர் மனைவியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அமைச்சர் கேட்டாலும் கேட்பார், நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க ஐயா. பச்சைன்னா காடு. நீலக்கோடு ஆறு. நடுவுல நிமிர்ந்து நிக்குது பாருங்க கரடி, அதுதான் நம்ம மாகாணத்தோட உயிர். யாருக்கும் பணியாத வீரம்னு அர்த்தம்."

பெரியவர் பதக்கப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கரடி இல்லாத பதக்கமா ஒண்ணு கிடைக்காதா தம்பி?"

"எல்லாத்துலயும் கரடிதான் ஐயா."

"வரவே வேண்டாம்னு நான் அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்று மனைவி முணுமுணுத்தாள்.

அதிகாரிக்குச் சுருக்கென்றது. மாகாணத்தின் பெருமை தெரியாத மனுஷனுக்கெல்லாம் பதக்கமா?

"கரடின்னா அவ்வளவு இளக்காரமா ஐயா? நேர்ல ஒண்ணைப் பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

"நீங்க பார்த்திருக்கீங்களா தம்பி?"

"நான் எங்கே போய்ப் பார்க்கிறது? இப்பதான் மருந்துக்குக்கூட ஒண்ணு இல்லையே!"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்ததாக, நம் காட்டிலிருந்த கரடிகளைக் கடைசி ஒன்று வரை சுட்டுத் தள்ளி, மக்களை நிம்மதியாகத் தூங்கவைத்த அரசு வேட்டைக்காரருக்கு, மாகாணத்தின் மிக உயர்ந்த விருதான கரடிப் பதக்கம்!"