பூமாரியின் குரல்

பட்டாசு ஆலை வெடித்த அன்று வீரலட்சுமி உயிரோடு வெளியே வந்தாள். தங்கை பூமாரி வரவில்லை. வீரலட்சுமியின் காதுகளில் வழிந்த ரத்தம் நின்றபிறகு, அவற்றில் ஓயாத ஓர் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காகிதத்தில் ஒரு நத்தைக்கூட்டை வரைந்து, அதற்குள் மயிர்மயிராகக் கோடுகள் போட்டார். பிறகு, இதுதான் இப்போது உன் காது என்பதுபோல, பக்கத்திலேயே இன்னொரு கூடு வரைந்து கோடுகளையெல்லாம் சாய்த்துப் போட்டார்.

“திரும்ப முளைக்காதா?” என்று வீரலட்சுமி கேட்டாள்.

டாக்டரம்மா இல்லையென்று தலையசைத்தார்.

பூமாரி விட்டுப்போன கைக்குழந்தையை அவள்தான் வளர்த்தாள். அழுகிறதா என்று வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இரவெல்லாம் அதன் நெஞ்சில் கைவைத்தபடியே தூங்கினாள். அந்தக் குழந்தை கோபிகா வளர்ந்து காலேஜுக்குப் போனாள்.

ஒருநாள் பூமாரியோடு வேலைபார்த்த செல்லக்கனி வெகுகாலம் கழித்து வீட்டுக்கு வந்தாள். கோபிகா டீயை நீட்டி ஏதோ சொன்னாள். செல்லக்கனி டம்ளரை வாங்காமல் அவளையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“என்ன சொன்னா?” வீரலட்சுமி பதறினாள்.

செல்லக்கனி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு சுவரில் இருந்த பூமாரியின் படத்தைக் காட்டினாள்.

வீரலட்சுமி கோபிகாவை இழுத்து அருகில் உட்காரவைத்து, தன் முடியை ஒதுக்கிக் காதைக் கொடுத்தாள்.

“ஒரு தடவ என்னைய அக்கான்னு கூப்பிடு தாயி.”

கோபிகா கூப்பிட்டாள். மூச்சு சூடாகக் காதில் பட்டது. இரைச்சல் அப்படியே இருந்தது.

“இன்னுங் கொஞ்சம் சத்தமா” என்றாள் வீரலட்சுமி.

தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.