வலது குமிழ்

தம்பி ஆமோஸின் அடக்க ஆராதனைக்கும் செல்வின்தான் கிட்டார். ஆம்ப்ளிஃபயரின் இடது குமிழ் கிட்டாருக்கு, வலது குமிழ் ஆமோஸின் மாண்டலினுக்கு. செல்வின் எதிரொலியைக் குறைத்து வைத்தான். எதிரொலி ஆமோஸுக்குப் பிடிக்காது. பழக்கத்தில் இரண்டு வயரையும் செருகினான். மாண்டலின் வயரின் மறுமுனை சவப்பெட்டியின் அருகே வெறுமனே கிடந்தது.

பாட்டு தொடங்கியது. கடைசிப் பெஞ்சிலிருந்து பெரியப்பா, "ஒண்ணுமே கேக்கலயே, கூட்டி வையிடே" என்றார்.

இத்தனை வருஷமும் கிட்டார் சத்தத்தில் கேட்காமல் போனது மாண்டலின்தான். செல்வின் வலது குமிழைத் திருப்பினான். கிடந்த வயர் ஆம்ப்ளிஃபயரில் இரைந்தது.

"கேக்கலடே."

கடைசிவரை திருப்பினான். இரைச்சலில் சவப்பெட்டியின் கண்ணாடி அதிர்ந்தது. பாட்டு நின்றது.

"இப்பக் கேக்குதா பெரியப்பா?" என்றான் செல்வின், கையைக் குமிழிலிருந்து எடுக்காமல்.